முப்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி

உபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி.
தொடக்கநிலை நான்குக்கான ஆங்கிலச் சொற்பயிற்சி நூல்.
எஸ் வரிசையில் இருக்கிறேன்.
கீழே டயர் கடையில் யாரோ
இரும்பால் இரும்பை அடிக்கிறார்கள்.

செட்டில். வினைச்சொல்.
தலைச்சொல்லின் நடுவே ஒரு புள்ளி வைக்க வேண்டும்,
எங்கே மடிக்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய.
இரண்டு டீ எழுதி
ஒன்றைத்தான் உச்சரிக்கிறான் வெள்ளைக்காரன்.
மேல்வரிக்கு ஒன்று கீழ்வரிக்கு ஒன்று என்று
பாகம் பிரிக்க மட்டுமே வைத்ததுபோல் மற்றது.
கடைசியில் ஓர் ஈ
உட்கார்ந்திருக்கிறது.
சத்தமில்லை. இடத்தை மட்டும் அடைக்கிறது,
பிடோக்கில் வாடகை அறையில் நான் இருப்பதுபோல.

தமிழிலும் அதே இடத்தில்தான் உடையும்.
ஒற்று வரியின் தலையில் நிற்கக்கூடாது,
ஆகவே செட் மேலே, டில் கீழே.
ஆனால் நமக்கு இரண்டும் கேட்கும்.
முதலில் முட்டும், பிறகுதான் திறக்கும்.
கரூரிலிருந்து அக்கா கேட்கும்போது
அந்த முட்டல் இன்னும் கொஞ்சம் நீளம்:
"செட்ட்டில் ஆயிட்டியாடி?"

முதல் பொருள், கலங்கியது அடியில் தங்குதல்.
மைலோ குவளையின் அடியில் படிந்தது என்று எழுதினோம்.
பிள்ளைகளுக்குப் புரியும்.
அடுத்தது கணக்குத் தீர்த்தல்.
அதை நூர்ஹயாத்தி தினமும் செய்கிறாள்.
நாசி பாடாங் கடையில் என் பர்ஸைத் தள்ளிவிட்டு
"செட்டில் ஓரெடி" என்பாள்,
எப்போது தீர்த்தாள் என்றே தெரியாது.
சண்டை தீர்த்தலுக்கு இரண்டு பையன்கள், ஒரு கால்பந்து.
பறவை வந்து அமர்தலுக்கு
உணவங்காடித் தட்டில் ஒரு மைனாவை வைத்தேன்.
திருமதி குவெக் அடித்துவிட்டார்:
மைனா அமர்வதில்லை, திருடுகிறது.

கடைசிப் பொருள்:
ஓரிடத்தில் நிரந்தரமாகக் குடியமர்தல்.
மாதிரி வாக்கியத்தில்
திரு நல்லபெருமாளின் குடும்பம் சிங்கப்பூரில்
அந்த வினையைச் செய்ய முடிவெடுக்கிறது.
வினை வரும் இடத்தில்
தாள் தீர்ந்துபோயிற்று.

செட் முப்பத்தேழில்.
டில் முதுகுப்புறம், முப்பத்தெட்டில்.
ஓரத்தில் ஒரு சிறுகோடு
பேருந்தை நிறுத்தக் கை நீட்டியவளைப் போல்.

பச்சைப் பேனாவில் குவெக் எழுதியிருந்தார்:
பக்கம் தாண்டிச் சொல் உடையக்கூடாது.
திருப்புவதற்குள் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.

எழுத்துகளை நெருக்கினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறி
காலை நேர ரயிலாயிற்று.
நல்லபெருமாளைச் சுருக்கி நல்லன் ஆக்கினேன்,
பிறகு லிம்.
அப்போதும் அந்த மூன்று எழுத்து மேலே வரவில்லை.
நல்லபெருமாளைத் திரும்ப அழைத்து உட்காரவைத்துவிட்டு
விளக்கத்துக்குப் போனேன்.

நிரந்தரமாக.
ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து.
அது இல்லாமல் ஒருமுறை வாசித்தேன்:
ஓரிடத்தில் குடியமர்தல்.
பொருள் விழவில்லை.
இன்னொருமுறை வாசித்தேன்.
அழித்தேன்.

டில் ஏறி வந்தது,
ஈயும் கூடவே.
முப்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரியில்
முழுச்சொல்.
சிறுகோட்டுக்கு வேலை இல்லை.

"இப்போது சரி" என்றார் குவெக்.
எதை எடுத்தாய் என்று கேட்கவில்லை.
ஆறாயிரம் பிரதி அச்சாகும்.
ஆறாயிரம் பிள்ளைகள்
அந்தச் சொல் அங்கே இருந்ததை அறியாமலே
தேர்வு எழுதுவார்கள்.

இரவு, அறையில், கைப்பேசியில்
என் நிரந்தரவாச விண்ணப்பத்தைத் திறந்தேன்.
பதினான்கு மாதமாக அதே ஒரு சொல்.
பழக்கதோஷம்,
விரலால் உடைத்துப் பார்த்தேன்:
பெண்ட்-
இங்.
நான்காம் எழுத்துக்குப் பின்னால் மடிக்கலாம்.
எங்கள் நூலில் அது இல்லை.
பி வரிசை
போன வாரமே அச்சுக்குப் போய்விட்டது.